புல், தீ, தண்ணீர்: மேற்கு ஆப்பிரிக்கச் சவன்னாவைப் பார்க்கப் பழகுவது

கானாவின் வடக்கே இருக்கும் மோலே தேசியப் பூங்காவுக்கு நான் முதலில் போனது ஓர் அக்டோபர் மாதத்தில். யானை பார்க்கத்தான் போனேன். காலை ஏழு மணிக்குத் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் முன்னால் நடக்க, நாங்கள் நான்கு பேர் பின்னால் நடந்தோம். இரண்டரை மணி நேரத்தில் பார்த்தது புல். தலைக்கு மேலே இரண்டடி நின்ற புல். அதற்குள் ஏதோ ஓடுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. என்ன விலங்கு என்று காவலர் சொன்னார், நான் நம்பினேன், அவ்வளவுதான். சட்டை முழுக்கப் புல் விதை ஒட்டிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன்.

அடுத்த தடவை போனது பிப்ரவரியில். அதே பாதைதான், ஆனால் புல்லைக் காணோம். தரை கருகிக் கிடந்தது, அங்கங்கே விரலளவு பச்சை. நடக்கக்கூடத் தேவைப்படவில்லை. விடுதி முற்றத்தில் நின்றபடியே கீழே குளத்தில் ஒன்பது யானைகளை எண்ணினேன், கையில் இருந்த காபி ஆறுவதற்குள்.

இடம் அதே இடம், யானைகளும் அநேகமாக அதே யானைகள். மாறியது மாதம். மேற்கு ஆப்பிரிக்கச் சவன்னாவில் கால் வைக்கும் ஒருவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று என்பேன்: புல் எவ்வளவு உயரம்? தீ வந்து போய்விட்டதா? தண்ணீர் எங்கே மிச்சம் இருக்கிறது? இதற்குப் பதில் தெரிந்தால் விலங்கு எங்கே நிற்கும் என்று பாதி ஊகித்துவிடலாம். பறவைப் பெயரும் மரப் பெயரும் அப்புறம் மெதுவாக வந்து சேரும்.

சவன்னா என்பது என்ன?

டிவியில் பார்த்துப் பழகிய சவன்னா பெரும்பாலும் கென்யாவும் தான்சானியாவும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் குட்டைப் புல், நடுவே குடை விரித்த மாதிரி ஒற்றை மரம், ஆயிரக்கணக்கில் மந்தை. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனால், 'இது காடு ஆயிற்றே' என்றுதான் தோன்றும். மரங்கள் அவ்வளவு இருக்கும்.

மரத்தை எண்ணிச் சவன்னாவை அடையாளம் காண முடியாது. தரையைப் பார்க்க வேண்டும். மரங்களுக்கு அடியில் புல் விடாமல் தொடர்ந்து போகிறதா? போனால் அது சவன்னா. அடர்ந்த காட்டில் கிளைகள் ஒன்றோடொன்று முட்டி வெயிலை அடைத்துவிடும், கீழே புல் பிழைக்காது. சவன்னாப் புற்கள் சோளம், கம்பு, கரும்பு போன்ற சி4 வகை. கொளுத்தும் வெயிலில் மளமளவென்று வளரும், நிழலில் சுருண்டுவிடும். இடையில் ஒரு தகவல்: நாம் கூழ் காய்ச்சிக் குடிக்கிற கம்பு முதன்முதலில் பயிராக்கப்பட்டது இதே மேற்கு ஆப்பிரிக்காவில், சகாராவின் தெற்கு ஓரமான சாஹேல் பகுதியில்தான். இன்றைய மாலி நாட்டில் 4,500 ஆண்டுகள் பழமையான தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

தரையைப் பார்க்கும் இந்தக் கணக்கில் முதுமலை, சத்தியமங்கலம் போன்ற இடங்களின் புல் நிறைந்த இலையுதிர் காடுகளும் சவன்னாக்கள்தான் என்று சூழலியலாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அங்கே நடந்து பழகியவர்களுக்கு மோலே முற்றிலும் அந்நியமாக இருக்காது.

கினி வளைகுடாக் கடற்கரையிலிருந்து வடக்கே சகாரா நோக்கிப் போனால் நிலம் பட்டை பட்டையாக மாறும். முதலில் மழைக்காடு. அடுத்து கினி சவன்னா, ஆள் உயரத்துக்கும் மேல் புல், நிறைய மரம். அதற்கும் வடக்கே சூடான் சவன்னா (சூடான் என்ற நாட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை, பட்டையின் பெயர் அப்படி). பிறகு முள்மரமும் குட்டைப் புல்லுமாகச் சாஹேல். அதைத் தாண்டினால் மணல். மோலே இருப்பது கினி சவன்னாவில்.

மோலேயில் ஆண்டுக்குச் சுமார் 1,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோயம்புத்தூர் நகரத்தைவிட அதிகம். பிறகு ஏன் பிப்ரவரியில் அப்படிக் காய்ந்து கிடக்கிறது? மழை முழுவதும் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மிச்ச மாதங்களில் ஒரு சொட்டு கிடைத்தால் அதிசயம். நவம்பர் வாக்கில் சகாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று கிளம்பும். மெல்லிய தூசியைச் சுமந்துகொண்டு வரும் வறண்ட காற்று அது. வானம் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போகும், உதடு வெடிக்கும், விடியற்காலையில் நல்ல குளிர் இருக்கும். படம் எடுப்பவர்கள் ஹர்மத்தானைத் திட்டுவார்கள். விலங்கு பார்க்க வருபவர்கள் திட்டக் கூடாது, ஏனென்றால் குளங்களை ஒவ்வொன்றாக வற்றவைத்து விலங்குகளை ஓரிடத்தில் சேர்ப்பது இந்த வறட்சிதான்.

தீயை எப்படிப் பார்ப்பது

முதல் தடவை போகிறவர்களை மிகவும் கலங்கவைப்பது தீ. டிசம்பரில் சாலையில் போகும்போது இரு பக்கமும் நிலம் கருகிக் கிடக்கும், தூரத்தில் புகை எழும். 'காடு அழிகிறதே' என்று மனம் பதறும். நானும் பதறினேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் புகையில் ஒரு பகுதி பூங்கா ஊழியர்களே வைத்த தீயிலிருந்து வந்தது என்று.

மழை முடிந்ததும் புல் காயத் தொடங்கும். நவம்பர், டிசம்பரில் அடித்தண்டில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அப்போது தீ வைத்தால் அது மெதுவாக, தாழ்வாக ஓடும். ஈரமான இடங்களில் அணைந்துவிடும். நிலம் முழுவதும் எரியாமல் திட்டுத் திட்டாக எரியும். அதே புல்லை மார்ச் வரை விட்டுவைத்தால் காகிதம் மாதிரி காய்ந்திருக்கும். அப்போது பிடிக்கும் தீ மரத்தின் உச்சிவரை கருக்கிவிடும். எனவே முன்கூட்டி எரிப்பது, பின்னால் வரக்கூடிய பெரிய தீக்குத் தீனி இல்லாமல் செய்வதற்காக.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஐவரி கோஸ்ட்டில் புவாக்கே நகரத்துக்கு அருகே கோகோந்தெக்ரோ என்ற இடத்தில் 1930களில் தொடங்கிய சோதனை அது. அடுத்தடுத்த நிலத்துண்டுகளில் ஒன்றில் தீயே கிடையாது, ஒன்றில் ஆண்டுதோறும் முன்பருவத் தீ, ஒன்றில் பின்பருவத் தீ. தீ படாத துண்டில் மரம் நெருங்கி வளர்ந்து, நிழல் விழுந்து, புல் ஒழிந்து அது காடாக மாறிப்போனது. பின்பருவத் தீ கண்ட துண்டில் புல்லே பெரும்பாலும் மிஞ்சியது. முன்பருவத் தீயில் இரண்டும் இருந்தன. ஆக, அந்த அளவு மழை பெய்யும் இடத்தில் புல்லையும் மரத்தையும் சேர்த்து வைத்திருப்பதில் தீக்குப் பெரிய பங்கு உண்டு.

மரம் எப்படித் தப்பிக்கிறது என்பதைக் கையால் தொட்டே தெரிந்துகொள்ளலாம். ஷியா மரத்தின் பட்டையைத் தடவிப் பாருங்கள். கன்னங்கரேலென்று, முதலையின் முதுகு மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். தக்கை போன்ற தடித்த பட்டை. மேலே கரி ஒட்டியிருக்கும், உள்ளே உயிர் பத்திரமாக இருக்கும். இளங்கன்றுகளுக்கு அந்த வசதி இல்லை. அவை ஆண்டுதோறும் தரைவரை எரிந்துபோய், ஆண்டுதோறும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். முழங்கால் உயரமே இருக்கும் கன்றின் வேர் பல வருட வயதுடையதாக இருக்கலாம். ஏதோ ஒரு வருடம் தீ வராமல் போனால், சட்டென்று தீக்கு எட்டாத உயரத்துக்கு வளர்ந்துவிடும்.

பறவை பார்ப்பவருக்குத் தீ ஒரு திருவிழா. புல் எரியத் தொடங்கினால் வெட்டுக்கிளிகள் முன்னால் பறந்து தப்பிக்கப் பார்க்கும். அதற்காகவே புகை விளிம்பில் கூட்டம் கூடும். கள்ளப்பருந்துகள் புகைக்குள் நுழைந்து வெளியே வரும். நீள வால் நாடாக்களோடு நீலம் மின்னும் அபிசீனியப் பனங்காடைகள் மரக்கிளையிலிருந்து குதித்துக் குதித்துப் பிடிக்கும். செந்நிறப் பஞ்சுருட்டான்கள் காற்றிலேயே கொத்தி விழுங்கும். வெட்டுக்கிளிப் பருந்து என்றே பெயர் வாங்கிய ஒரு பருந்தும் வரும். வாகனத்தில், காவலர் சொல்லும் தூரத்தில் நின்று பாருங்கள். காற்று திரும்பினால் தீயும் திரும்பும்.

தீ போன ஒன்றிரண்டு வாரத்தில், மழை ஒரு துளியும் இல்லாமலே, கருகிய தூர்களிலிருந்து பச்சைக் குருத்து கிளம்பும். வேரில் சேமித்து வைத்ததைக் கொண்டு புல் மறுபடி முளைக்கிறது. காய்ந்த தண்டைவிடச் சத்தான இளம்புல். அதற்கு இரலைகள் (மான் மாதிரி தெரியும் கொம்பு விலங்குகள்) வரும். நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்: எரிந்து இருபது நாள் ஆன இடம் எது என்று காவலரிடம் கேட்க வேண்டும்.

குளத்தங்கரை

மோலேயில் விடுதி ஒரு செங்குத்தான மேட்டின் விளிம்பில் இருக்கிறது. கீழே இரண்டு குளங்கள். வறண்ட மாதங்களில் அங்கே உட்கார்ந்து பொறுமையாகப் பார்ப்பது, வண்டியில் அலைவதைவிடப் பலன் தரும். காலை ஆறு முதல் ஒன்பது வரை இரலைகள். வெயில் ஏறியதும் யானைகள், குடிக்க மட்டுமல்ல, முங்கவும். நடுப்பகலில் எல்லோரும் தூங்கப் போகும் நேரத்தில்தான் யானைகள் குளத்தில் இருக்கும் என்பதைப் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

நம் ஊர் யானையைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு ஒரு சின்ன வேலை. அங்கே நிற்கும் யானையின் முதுகைப் பாருங்கள். நம் யானைக்கு முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும், இங்கே நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், சேணம் வைக்கச் செய்தது போல. காது தோளை மூடும் அளவு பெரிது. நெற்றி நம் யானையைப் போல இரண்டு மேடாகப் புடைக்காமல் சரிந்து இறங்கும். தந்தம் பெண்ணுக்கும் உண்டு. தும்பிக்கை நுனியைத் தொலைநோக்கியில் பிடித்தால் எதிரெதிராக இரண்டு விரல் தெரியும். நம் யானைக்கு ஒரு விரல்தான். இரண்டு விரலையும் கிள்ளுகிற மாதிரி சேர்த்து ஒற்றைப் பழத்தை எடுப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

விடுதிக்குப் பக்கத்தில் அடிக்கடி வருபவை பெரும்பாலும் ஆண் யானைகள். மோலேயின் சிறப்பு, காவலரோடு கால்நடையாகப் போய்ப் பார்க்க அனுமதி உண்டு என்பது. அதனாலேயே சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். கிளம்பும்போது ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். யானையின் பார்வை சுமார்தான், மூக்கு அபாரம். தும்பிக்கை உயர்ந்து உங்கள் பக்கம் திரும்பினால் உங்கள் வாசனை போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். காதை விரித்து அசையாமல் நின்றால் அது யோசிக்கிறது. அதற்குமேல் நீங்கள் யோசிக்க வேண்டாம், காவலர் சொல்வதைச் செய்யுங்கள்.

குளத்தங்கரையில் கொம்போடு நிற்பவற்றை 'மான்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். சகாராவுக்குத் தெற்கே இயற்கையாக மான் குடும்பமே கிடையாது. இருப்பவை எல்லாம் இரலைகள், நம் வெளிமானைப் போல. மானின் கொம்பு கிளை விட்டு, ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். இரலையின் கொம்பு கிளைக்காது, விழாது. அதிகம் கண்ணில் படுவது கோப் இரலை: செம்பழுப்பு உடல், கண்ணைச் சுற்றி வெள்ளை, முன்னங்காலில் கருப்புக் கோடு, ஆணுக்கு மட்டும் வளையம் வளையமாகக் கொம்பு. முகத்தில் கருப்பும் வெள்ளையுமாக முகமூடி போட்டது மாதிரி பெரிய உருவம் தெரிந்தால் அது ரோன் இரலை. முகம் மட்டும் நீண்டுகொண்டே போனால் ஹார்ட்டிபீஸ்ட்.

வார்ட்ஹாக் என்ற பன்றியைத் தேடிப் போக வேண்டாம், அது உங்கள் அறை வாசலுக்கே வரும். முன்னங்கால்களை மடக்கி, மண்டியிட்டுப் புல் மேயும். ஓடும்போது வாலைக் கம்பி மாதிரி நட்டுக்கொள்ளும். இரவில் பொந்துக்குள் பின்பக்கமாக நுழையும், தந்தங்கள் வாசலைப் பார்த்து இருக்கும்படி. ஆலிவ் பபூன் குரங்குகளும் வரும், உங்களுக்காக அல்ல, உங்கள் தட்டுக்காக. என் ஆம்லெட் ஒன்று அப்படித்தான் போனது. மந்தையாகத் தரையில் ஓடும் சிவந்த, வெள்ளை மீசைக் குரங்கைப் பார்த்தால் அது பட்டாஸ் குரங்கு. பெயருக்கும் நம் பட்டாசுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் பொருத்தம்தான்: குரங்கினங்களிலேயே வேகமான ஓட்டக்காரர், மணிக்கு 55 கிலோமீட்டர் வரை.

விலங்கு இல்லாத நேரத்தில் தரையைப் பாருங்கள். கால்பந்து அளவு சாணமும் அதில் நார் நாராகத் தெரியும் பட்டைத் துண்டும் யானை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்த எச்சம் கழுதைப்புலி, எலும்பைக் கடித்துத் தின்பதால் வரும் நிறம் அது. கரையான் புற்று ஒன்றின் அடியில் அரிவாளால் வெட்டியது போலப் பள்ளம் இருந்தால் ஆர்ட்வார்க் என்ற, கரையான் தின்னும் விலங்கு இரவில் வந்து போயிருக்கிறது. அதை நேரில் பார்ப்பவர் மிகச் சிலர். கரையான் புற்றையே பத்து நிமிடம் பார்க்கலாம். ஆளைவிட உயரமாக, கோபுரம் கோபுரமாக எழுந்து நிற்கும். மற்ற மண்ணைவிட அங்கே சத்து அதிகம், அதனால் மரங்கள் பல புற்றின் மேலேயே கூட்டமாக முளைக்கும்.

மரங்களில் பழகிய முகங்கள்

செடிகளைப் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். மரம் ஓடாது, காத்திருக்கும், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட வசதி வேறு என்ன? முதல் நாளில் நான்கு மரம் போதும்.

முதலாவது ஷியா. முகத்தில் பூசும் கிரீம்களில் 'ஷியா பட்டர்' என்று எழுதியிருப்பது இதன் கொட்டைக் கொழுப்பு. நம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலுப்பையைப் போலவே பழத்தில் இனிப்பு, விதையில் எண்ணெய். பெரும்பாலும் யாரும் நடுவதில்லை. வயலுக்கு நிலம் திருத்தும்போது மற்ற மரங்களை வெட்டி, ஷியாவை விட்டுவைப்பார்கள். மழை தொடங்கும் மாதங்களில் பழம் விழும், விடியலிலேயே பெண்கள் பொறுக்கப் போவார்கள். அதனால் ஊர் ஓரத்தில் ஷியா மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் அழகான நிலத்தைப் பார்த்து 'இயற்கையான சவன்னா' என்று படம் எடுக்கும்போது, அது தலைமுறை தலைமுறையாக மனிதர் பார்த்துப் பார்த்து விட்டுவைத்த தோப்பு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் பெரிய படிப்பாளிகளே ஏமாந்திருக்கிறார்கள். கினி நாட்டின் கிசிதுகு பகுதியில் சவன்னாவுக்கு நடுவே, ஊர்களைச் சுற்றித் தீவு தீவாக அடர்காடு உண்டு. ஒரு காலத்தில் எங்கும் இருந்த காட்டை ஊர்மக்கள் அழித்தது போக மிஞ்சியது இது என்று காலனி அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். 1990களில் ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்ற ஆய்வாளர்கள் பழைய வான்படங்களைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். கதை தலைகீழ். வெட்டவெளியில் ஊர் அமைத்தவர்கள்தான் சுற்றிலும் காட்டை வளர்த்திருந்தார்கள்.

இரண்டாவது மரம் தவதவா. வறண்ட மாதங்களில் நீண்ட காம்பின் நுனியில் சிவப்புப் பந்துகள் தொங்கும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் தேனுக்கு வந்து மகரந்தம் சேர்க்கும். இதன் நெருங்கிய உறவு ஒன்று நம் ஊர்ப் பூங்காக்களில் 'பேட்மிண்டன் பால் மரம்' என்ற பெயரில் நிற்கிறது. விதையை வேகவைத்து, புளிக்கவைத்து, குழம்பில் போடுவார்கள். சந்தையில் வாசனை முதலில் மூக்கைத் துளைக்கும். சாப்பிட்டுப் பழகினால் அது இல்லாத குழம்பு சப்பென்று இருக்கும்.

மூன்றாவது இலவ மரத்தின் ஆப்பிரிக்கச் சகோதரன். இலை எல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் கிளையில் செம்பூக்களாக நிற்கும். தேன்சிட்டு பார்க்க வேண்டுமானால் அதன் அடியில் நின்றால் போதும்.

நான்காவது பாவோபாப். அறிமுகம் தேவையில்லை. மன்னாரில் பெருக்கமரம், ராமநாதபுரம் பக்கம் பொந்தன்புளி. அரபு வணிகர்கள் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்வார்கள். மோலேயின் வாசலில் இருக்கும் லரபங்கா என்ற ஊரின் பழைய மண் மசூதிக்குப் பக்கத்தில் ஒன்று நிற்கிறது. சவன்னாவில் நட்டநடுக் காட்டில் ஒரு கூட்டமாகப் பாவோபாப் மரங்களைப் பார்த்தால், அங்கே முன்பு ஊர் ஏதாவது இருந்ததா என்று விசாரியுங்கள். பல தடவை இருந்திருக்கும்.

பறவைகள்

மோலேயில் 300க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியிருக்கின்றன. அந்த எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம், ஏனென்றால் நமக்குப் பாதி வீடு தெரிந்த வீடுதான். அங்கே கத்திக்கொண்டு பறக்கும் பச்சைக்கிளி நம் பச்சைக்கிளியே, அதே இனம். குளத்தின் மேல் ஓரிடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் அதே. கொண்டலாத்தியும் அதே. செனகல் செம்போத்தைப் பார்த்தால் நம் செம்போத்து இளைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். கின்னிக்கோழி ஒன்றுதான் கொஞ்சம் சங்கடப்படுத்தும். நம் ஊரில் முற்றத்தில் பார்த்த பறவை, இங்கே முப்பது நாற்பதாகப் புதருக்குள் ஓடும். அதற்குச் சொந்த ஊர் இது, 'கின்னி' என்ற பெயரிலேயே கினி இருக்கிறது.

புதியவற்றில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன். நிலத்து இருவாச்சி: வான்கோழியைவிடப் பெரிய கருப்புப் பறவை, இணையாகப் புல்வெளியில் நடந்துகொண்டே பாம்பு, பல்லி, வெட்டுக்கிளி பிடிக்கும். தொண்டையில் வெறும் தோல் பை தொங்கும். அதில் சிவப்பு இருந்தால் ஆண், முழு நீலமாக இருந்தால் பெண். விடியலுக்கு முன்னால் யாரோ தூரத்தில் பானைக்குள் ஊதுவது போன்ற சத்தம் கேட்டால் அதுதான்.

எகிப்திய ஆள்காட்டி என்று ஒன்று. ஆற்று மணல்திட்டுகளில் நிற்கும், சாம்பல் நீலம், ஆரஞ்சு, கருப்பு, வெள்ளை என்று நான்கு நிறத்தில். பறந்தால் சிறகு விசிறி மாதிரி மின்னும். முதலையின் வாய்க்குள் புகுந்து பல் சுத்தம் செய்யும் பறவை என்று கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த கதையை இதன் தலையில் கட்டிவிட்டார்கள். நம்பகமான ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையாகச் செய்வது அதைவிட ஆச்சரியம். முட்டையை மணலில் புதைக்கும். வெயில் ஏறினால் ஆற்றுக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, புதைத்த இடத்தின் மேல் உட்கார்ந்து மணலைக் குளிர்விக்கும். குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து வந்தால் குஞ்சின் மேல் மணலைத் தள்ளி மூடிவிடும். மோலேக்குக் கிழக்கே வெள்ளை வோல்டா ஆற்றங்கரையில் வறண்ட மாதங்களில் தேடிப் பாருங்கள்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஐரோப்பாவிலிருந்து வலசைப் பறவைகளும் இருக்கும். வடக்கே சாஹேலில் வெட்டுக்கிளி வேட்டையாடும் மொன்டேகு பூனைப்பருந்தின் மற்றொரு கூட்டம் மத்திய ஆசியாவிலிருந்து நம் தென்மாவட்டக் கரிசல் காட்டுக்கு வருகிறது. குளிர்காலத்துக்கு இடம் வேறு, சாப்பாடு அதே.

சிங்கம் எங்கே?

எல்லோரும் கேட்பது இது. மோலேயில் சிங்கம் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் முதிர்ந்த சிங்கங்கள் 250க்கும் குறைவு என்று 2014இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெனின், புர்க்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் சந்திக்கும் இடத்தில், டபிள்யூ, ஆர்லி, பென்ஜாரி என்ற தொடர் பூங்காக்களில். ஆயுதக் குழுக்களின் நடமாட்டத்தால் அந்தப் பகுதி இப்போது சுற்றுலா போகிற இடமாக இல்லை. 2017இல் சிங்க வகைப்பாட்டைத் திருத்தியபோது மேற்கு ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் கிர் காட்டுச் சிங்கத்தையும் ஒரே துணை இனமாக வைத்தார்கள். கென்யாச் சிங்கத்தைவிடக் குஜராத் சிங்கம் இதற்கு நெருங்கிய சொந்தம்.

எல்லாம் சோகக் கதை அல்ல. நைஜரில் தலைநகர் நியாமிக்கு அருகே கூரே பகுதியில், வேலி இல்லாத கம்பு வயல்களுக்கு நடுவே, விவசாயிகளோடு சேர்ந்து வாழும் மேற்கு ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி 1990களின் நடுவில் ஐம்பதுக்கும் கீழே போயிருந்தது. இப்போது 600ஐத் தாண்டிவிட்டது. செனகலின் தென்கிழக்கில் ஃபொங்கோலி என்ற இடத்தில், சவன்னாவில் வாழும் சிம்பன்சிகள் குச்சியைப் பல்லால் கூராக்கி, மரப்பொந்தில் தூங்கும், தேவாங்குக்கு உறவான புஷ்பேபி என்ற சிறு விலங்குகளைக் குத்தி வேட்டையாடுவதை 2007இல் பதிவுசெய்தார்கள். வெயில் தாங்காதபோது குகைக்குள் போய் உட்கார்ந்துகொள்வதும் அங்கேதான்.

கையில் என்ன வேண்டும்

தொலைநோக்கி ஒன்று. 8x42 என்று எழுதியிருப்பது நல்லது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு. கேமரா இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இன்னும் நல்லது, உட்கார்ந்து பார்ப்பீர்கள்.

சட்டை மங்கிய காக்கி அல்லது பழுப்பு. கருநீலமும் கருப்பும் வேண்டாம், கடித்து இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈயை இழுப்பவை அந்த நிறங்கள்தான். அந்த ஈயைப் பிடிக்க வைக்கும் பொறித்துணியே நீலத்திலும் கருப்பிலும்தான் தைக்கப்படுகிறது. பூட்ஸ், நீளக் காலுறை. மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. அது இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

ஒரு நோட்டும் பென்சிலும். ஒவ்வொரு பார்வைக்கும் தேதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்தது, புல் உயரம், எரிந்த நிலமா இல்லையா. பெயர் தெரியவில்லையா, கவலையில்லை, அளவையும் நிறத்தையும் எழுதுங்கள், படம் இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். காண்டாமிருகம், யானை போன்ற வேட்டைக்கு இலக்காகும் விலங்குகளின் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவில் போட வேண்டாம். வனக்காவலருக்கு உள்ளூர்ப் பெயர்கள் தெரியும், கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கைத்தான் வாய்விட்டுச் சொல்வார். கேள்வி கேட்டால் மிச்சம் வரும்.

சாயங்காலம் நடை முடிந்து எல்லோரும் குளிக்கப் போகும்போது, காவலரை அழைத்துக்கொண்டு மோலேயின் பழைய விமான ஓடுதளத்துப் பக்கம் போங்கள். பிப்ரவரி என்றால் ஆறேகால், ஆறரை மணி. வெளிச்சம் மங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் இரவில் பூச்சி பிடிக்கும் பக்கி என்ற பறவை ஒன்று தாழ்வாகப் பறந்து வரும். அதற்குப் பின்னால் இரண்டு சின்னப் பறவைகள் விடாமல் துரத்துவது மாதிரி தெரியும். தொலைநோக்கியை வையுங்கள். துரத்துபவை பறவைகளே அல்ல. இனப்பெருக்க காலத்தில் ஆண் பக்கியின் ஒவ்வொரு சிறகிலும் ஒரு நீண்ட இறகு வளரும், வெறும் தண்டு மட்டும் கம்பியாக நீண்டு, நுனியில் கொடி போல விரிந்திருக்கும். உங்கள் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு அது ஓடுதளத்தின் சரளையில் இறங்கி உட்காரும். உட்கார்ந்த இடத்திலேயே நிறம் கலந்து காணாமல் போய்விடும், இரண்டு கொடிகள் மட்டும் சரளைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.